நாலு சாத்திரி, நாலு திசை: ஒரு சிந்தனை வகுப்பு பிழைத்த கதை

எதை நினைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால்தான் அது திணிப்பு, எப்படி நினைப்பது என்று சொல்லிக்கொடுப்பதால் யாருக்கும் கெடுதல் வராது என்று நான் கனகாலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் என்ன பாடுபட்டது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டாரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆள் யாரென்று தெரியவரக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், என் பிழைகளை மட்டும் மாற்றவில்லை.

வகுப்பு

கிழமை நாட்களில் கோட்டையில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பது என் வேலை. சனிக்கிழமை பின்னேரம் மூன்றிலிருந்து ஐந்து வரை, காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தெரிந்தவர் இலவசமாகத் தந்த மேல்மாடி மண்டபத்தில் பதினான்கு பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தேன். எல்லாரும் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தவர்கள். பக்கத்தால் கோச்சி (ரயில்) போகும்போது ஒரு சொல்லும் கேட்காது, அது கடந்துபோகும் வரை எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருப்போம். காசு வாங்கவில்லை. அதை ஏன் சொல்கிறேன் என்றால், காசு வாங்காத வாத்தியார் தன்னைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே நல்லபடியாக நினைத்துக்கொள்வார்.

அறிவித்தலில் 'தர்க்கரீதியாகச் சிந்திக்கப் பழகுவோம்' என்று போட்டிருந்தேன். பெற்றோரில் பாதிப் பேர் இதை ஐ.கியூ. கிளாஸ் என்றே நினைத்தார்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு நுண்ணறிவு வினாத்தாள் செய்வித்துப் பழகிய சனம், வேறு எப்படி நினைக்கும்? அது எனக்குத் தெரியும். தெரிந்தும் திருத்தவில்லை, ஆள் சேர்ந்தால் போதும் என்று இருந்தது. பிழைகளை எண்ணுவதானால் முதலாவது இதுதான்.

நான் உயர்தரத்தில் 'அளவையியலும் விஞ்ஞானமுறையும்' எடுத்தவன். நம் நாட்டில் அப்படி ஒரு பாடமே இருப்பது பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களில் பலர் 'லேசாப் பாஸ் பண்ணலாம்' என்று கேள்விப்பட்டு எடுத்தவர்கள். எனக்கென்னவோ அது தலைக்குள் ஏறிவிட்டது. அதனால் வகுப்பையும் அதிலிருந்தே கட்டினேன்.

முதல் நாள் உளவியலாளர் பீற்றர் வேசன் 1960இல் செய்து காட்டிய எண் விளையாட்டு. 2, 4, 6 என்று பலகையில் எழுதி, 'இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது, நீங்கள் மூன்று மூன்று எண்களாகச் சொல்லுங்கள், விதிக்குப் பொருந்துமா இல்லையா என்று மட்டும் சொல்வேன்' என்றேன். 8, 10, 12 என்றார்கள். பொருந்தும். 20, 22, 24. பொருந்தும். 'இரண்டு இரண்டாக் கூடுது, சேர்!' இல்லை. முகங்கள் விழுந்துவிட்டன. விதி வேறொன்றுமில்லை, முந்தியதைவிடப் பிந்தியது பெரிதாக இருந்தால் போதும். 1, 2, 50 என்றாலும் சரி. ஆனால் தாங்கள் நினைத்தது பிழையாகிவிடக்கூடிய மூன்று எண்களை, உதாரணத்துக்கு 2, 4, 7 என்று, ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை. தான் நம்புவதை உடைக்கக்கூடிய கேள்வியைத் தேடிப் போ என்பதுதான் பாடம். 'எது நடந்தால் நான் நினைப்பது பிழை என்று ஒத்துக்கொள்வேன்?' இந்த வசனத்தைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன். சிவப்பு மையில்.

இரண்டாம் கிழமை: மழை பெய்தால் காலி வீதி நனையும். காலி வீதி நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்திருக்கிறது. சரியா? பின்வாங்கில் இருந்த ஒரு பையன், 'பைப் உடைஞ்சிருக்கலாம் சேர், எங்கட லேனில போன கிழமை உடைஞ்சது' என்றான். மண்டபமே சிரித்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது நான் நிலத்தில் நடக்கவில்லை.

மூன்றாம் கிழமை நம் பக்கத்துச் சரக்கு. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் கடவுளைப் பற்றிப் பேசப் புகுமுன் அளவைகளை, அதாவது அறியும் வழிகளைப் பற்றிப் பேசுகிறார். எதைக்கொண்டு அறிகிறோம் என்று தெரியாமல் எதை அறிந்தோம் என்று பேச முடியாதே. பலரும் சொல்லும் அளவைகளை வரிசைப்படுத்திவிட்டு, கடைசியில் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறார். கண்ணால் கண்டது, கண்டதிலிருந்து ஊகித்தது, நம்பத்தக்கவர் சொன்னது. பிள்ளைகளுக்கு ஆச்சரியம், 'சைவநெறிக்குள்ள இதெல்லாம் இருக்கா?' என்றார்கள். நான் அங்கே நின்றிருக்கலாம். 'ஆனால் மூன்றாவது கொஞ்சம் பலவீனமானது, மற்றவர் சொன்னதை நம்புவதுதான் எல்லாப் பிரச்சினைக்கும் வேர்' என்று சொந்தமாக ஒரு வரி சேர்த்தேன். அருணந்தி அப்படிச் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

வீட்டுப்பாடம்

ஆறாம் கிழமை, 'உங்கள் வீட்டில் எல்லாரும் நம்பும் ஏதாவது ஒன்றை எடுத்து ஆராய்ந்துகொண்டு வாருங்கள்' என்றேன். பல்லி சொல்வது, பூனை குறுக்கே போவது, ராகுகாலம் என்று வரும் என எதிர்பார்த்தேன். பெரும்பாலும் அதுதான் வந்தது.

ஒரு பிள்ளை மட்டும் வேறொன்றை எடுத்திருந்தாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவளுடைய அம்மாவின் தம்பி 2009இல் வன்னியில் காணாமல் போனவர், அப்போது இவளுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. வீட்டில் இருப்பது அம்மா, அம்மம்மா, இவள். அம்மம்மாவிடம் ஒரு பிஸ்கற் ரின் இருக்கிறது. பொலிஸ் முறைப்பாட்டின் நகல், ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த மனுக்களின் நகல், ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம், இவற்றோடு நாலு துண்டுக் காகிதங்கள். நாலும் சாத்திரம் பார்த்துச் சொல்லும் சாத்திரிமார் சொன்னவை, சொன்னதும் அம்மம்மாவே எழுதிவைத்தவை. ஆள் இருக்கிறார், உயிருக்கு ஆபத்தில்லை என்பது நாலிலும் பொது. எங்கே என்பதில்தான் வித்தியாசம்: வடமேற்கில் நீர்க்கரை ஓரம், தெற்கே அடைபட்ட ஓர் இடம், கடல் கடந்து மேற்கே, கிழக்கே மலைப் பக்கம்.

இவள் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அந்தத் துண்டுகளைக் கட்டிலில் திகதிப்படி அடுக்கி, சி.ஆர். கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு அட்டவணை கீறியிருக்கிறாள். யார் சொன்னது, எப்போது, எந்தத் திசை, எவ்வளவு காசு, சரிபார்க்க முடியுமா. கீழே முடிவு: 'நான்கும் ஒன்றுக்கொன்று முரண். ஆகக்கூடினால் ஒன்று மட்டும் சரியாக இருக்கலாம். நான்கும் பிழையாகவும் இருக்கலாம்.' அதன்மேல் ரோஸ் நிறத்தில் ஹைலைற்றர். தர்க்கத்தில் ஒரு குறையும் இல்லை. எனக்குத் தந்திருந்தால் பத்துக்குப் பத்து போட்டிருப்பேன்.

அவள் எனக்குத் தருமுன் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டாள். வாசித்துவிட்டுச் சிவப்பு மைக் கேள்வியையும் கேட்டிருக்கிறாள்: 'அம்மம்மா, எது நடந்தா இது பிழையெண்டு ஒத்துக்கொள்ளுவீங்கள்?'

அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லையாம். துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து ரின்னுக்குள் வைத்து மூடியிருக்கிறார். அடுத்த நாள் வெள்ளி. ஒரு வெள்ளியும் தவறாமல் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்குப் போகிறவர் அன்றைக்குப் போகவில்லை.

ஞாயிறு காலை அம்மா ரெலிபோன் எடுத்தார். 'சேர், இவள் உங்களிட்டப் படிச்சதை அம்மாவில பரீட்சிச்சுப் பாத்திருக்கிறாள். அம்மா சரியாச் சாப்பிட்டு மூண்டு நாள். நாங்கள் பிள்ளையை ஐ.கியூவுக்கெண்டுதான் விட்டனாங்கள்.'

மூன்றாம் மாடி

பின்னேரம் போனேன். லிஃப்ற் வேலை செய்யவில்லை, படியேறினேன், ஒவ்வொரு மாடியிலும் நின்று என்ன சொல்வது என்று யோசித்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்கும் வசனம் ஒன்றும், 'ஆனாலும் பிள்ளை கேட்டது நியாயமான கேள்விதானே' என்ற வசனம் ஒன்றும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் பலமாக இருந்தது.

முன்னறையில் யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமியின் படம். யாழ்ப்பாணத்து வீடுகளில் இருக்கும் அதே படம், கீழே நாலு மகாவாக்கியங்கள்: ஒரு பொல்லாப்பும் இல்லை, எப்பவோ முடிந்த காரியம், நாம் அறியோம், முழுதும் உண்மை. (அவர் இருந்தது யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில். கொழும்பில் பிறந்த பிள்ளைகளில் பாதி அதைக் கொழும்பு என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.)

அம்மம்மா தேத்தண்ணி தந்தார். நான் தொடங்குமுன் அவரே தொடங்கினார்.

'தம்பி, நாலு பேரும் நாலு திசை சொன்னவை எண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீங்களே? நான்தானே ரிக்கற் எடுத்துப் போனனான்.'

நான் பேசாமல் இருந்தேன்.

'மற்ற எல்லாரும் அவனை இருந்தவன் எண்டுதான் கதைப்பினம். நல்ல பிள்ளையா இருந்தவன், நல்லாப் படிச்சவன். சொந்தக்காரர், அயல், ஒப்பீசு, எல்லா இடமும் அப்பிடித்தான். இவையள் காசு வாங்கித்தான் சொன்னவை. ஆனா இருக்கிறார் எண்டு சொன்னவை.'

பிறகு, 'பேத்தி கேட்டது பிழையில்லை. ஆனா அவள் கேட்ட நேரம், இவளும் இருந்தவர் எண்டுதான் நினைக்கிறாளெண்டு எனக்கு விளங்கிப்போச்சு. அதுதான் சாப்பாடு இறங்கேல்லை' என்றார்.

கொப்பியில் 'சரிபார்க்க முடியுமா' என்று ஒரு நிரல் இருந்தது. 'இது எதற்காக' என்று ஒரு நிரல் இல்லை. அந்தத் துண்டுகளைத் தகவல் என்று எடுத்துக்கொண்டு நானும் அவளும் ஆராய்ந்தோம், அம்மம்மாவுக்கு அவை தகவலாக இருந்ததே கிடையாது. ஒரு வினைச்சொல்லின் காலத்துக்காக அவர் பஸ் ஏறிப் போயிருக்கிறார். சிந்தனை கூடிப்போனதால் வந்த கேடு இது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன், சிந்தனை காணாது என்பதுதான் என் தீர்ப்பு.

ஆனால் 'அவரவர் நம்பிக்கை அவரவருக்கு' என்று இதை மூடிவிடவும் முடியாது. அம்மா என்னைப் படிவாசல் வரை அனுப்பிவைக்கும்போது தணிந்த குரலில் இன்னொன்றும் சொன்னார். நாலாவது சாத்திரி ஒரு சாந்தி செய்ய வேண்டும் என்று எழுபத்தையாயிரம் கேட்டிருந்தாராம், அம்மாவின் காப்பை அடகு வைப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்ததாம். பிள்ளையின் அட்டவணையோடு அது நின்றுவிட்டது. 'அதில எனக்கு நிம்மதிதான் சேர், ஆனா அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.' ஒரே கேள்விதான் அந்த வீட்டில் ஒருத்தருடைய சோற்றைக் கெடுத்தது, இன்னொருத்தருடைய காப்பைக் காப்பாற்றியது. இதை எந்த நிரலில் எழுதுவது?

பிழை எங்கே

கிழமை முழுக்க இதே யோசனை. அலுவலகத்தில் பக்கத்து மேசைச் சிங்கள நண்பரிடம் சொன்னேன். அவர் உடனே காலாம சூத்திரத்தை எடுத்தார். கேள்விப்பட்டதால் நம்பாதே, பரம்பரையாக வந்ததால் நம்பாதே, நூலில் இருப்பதால் நம்பாதே என்று புத்தர் பத்து 'வேண்டாம்' சொன்ன இடம். என் கட்சிக்குத்தான் பேசுகிறார் என்று நினைத்தேன். அவர், 'ஆனால் கேசபுத்த ஊர்ச் சனம் தாங்களாகத்தானே போய்க் கேட்டார்கள்' என்றார். உண்மைதான். ஒவ்வொரு போதகராக வந்து தன்னுடையதை உயர்த்தி மற்றவருடையதைத் தாழ்த்திவிட்டுப் போகிறார், எங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று அந்த ஊர்க் காலாமர்கள் சொல்கிறார்கள். உங்கள் சந்தேகம் நியாயமானதுதான் என்று தொடங்குகிறார் புத்தர். சந்தேகம் அவர்கள் கொண்டுவந்தது, அவர் கொண்டுபோய்க் கொடுத்ததல்ல. அம்மம்மா எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. அது ஒன்று.

இரண்டாவது, ஒழுங்கு பற்றியது. சித்தியாரில் இரண்டு பக்கம்: பிறர் கொள்கைகளைப் பேசும் பரபக்கம், தன் கொள்கையைப் பேசும் சுபக்கம். பரபக்கத்தில், கண்டதை மட்டும் நம்பும் உலோகாயதர் தொடங்கிப் பதினான்கு மதங்களை எடுக்கிறார், ஒவ்வொன்றையும் முதலில் அவர்களுடைய வாயால் சொல்லவிட்டு அதற்குப் பிறகுதான் மறுக்கிறார். தன் கொள்கையையும் சுபக்கத்தில் முழுக்க வெளியே வைக்கிறார், வேண்டுமானால் நீயும் அடித்துப் பார் என்பதுபோல. நான் பிள்ளைகளுக்குக் கொடுத்தது மறுப்பை மட்டும். எதிர்ப்பக்கத்தைக் கேட்டு எழுதச் சொல்லவில்லை, என் பக்கத்தையும் மேசையில் வைக்கவில்லை. பதினாறு வயதுப் பிள்ளையை, முழங்கால் நோவோடு கோயில் படியேறும் ஒரு மனுசியின் நம்பிக்கைமேல் ஏவிவிட்டு, நான் பாதுகாப்பாக வெண்கட்டியோடு நின்றிருக்கிறேன்.

'தெரியாது' என்பதை ஒரு பழுதுபோலப் படிப்பித்தது மூன்றாவது. நிரலை நிரப்பு, முடிவை எழுது. ஆனால் ஆள் காணாமல் போன வீட்டில் இருக்கிறார், இல்லை என்ற இரண்டு பெட்டிகள் போதாது. போலின் பொஸ் என்ற அமெரிக்கக் குடும்பச் சிகிச்சை ஆய்வாளர் 1970களிலிருந்து இதைப் பற்றி எழுதிவருகிறார், இப்படிப்பட்ட இழப்பில் முடிவைத் திணிப்பதே காயமாகும் என்பது அவர் சொல்வதன் சாரம். நம் நாட்டுச் சட்டமே 2016இல், மரணச் சான்றிதழ் வேண்டாம் என்கிறவர்களுக்கு, ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றுக்கு வழி செய்தது. சட்டத்துக்கு விளங்கிய மூன்றாவது பெட்டி என் பலகையில் இல்லை. சுவரில் இருந்தது, 'நாம் அறியோம்' என்று. அதை நான் ஒரு பரவசமான வாசகமாகத்தான் அதுவரை வாசித்திருக்கிறேன். அந்த வீட்டில் அது பதினைந்து வருடமாக ஒரு மனுசி காலையில் எழும்பித் தேத்தண்ணி போடும் இடம்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளுக்குச் சொல்லாமல் ஒரு சோதனை வைத்தேன். வழமையான உறுதியான குரலில், 'கேள்வி கேட்கிற சமூகம் முன்னேறும். ஜப்பான் முன்னேறிவிட்டது. ஆகவே ஜப்பானில் எல்லாரும் கேள்வி கேட்கிறார்கள்' என்றேன். அச்சு அசல் காலி வீதி மழைதான். மழைக்குப் பைப்பைக் கண்டுபிடித்த பையன் உட்பட பதினான்கு பேரும் குனிந்து கொப்பியில் எழுதினார்கள். ஒருத்தி அடிக்கோடும் போட்டாள்.

நன்னூல் மாணாக்கரை எட்டு விதமாகப் பிரிக்கிறது. அன்னமும் பசுவும் தலை, மண்ணும் கிளியும் இடை, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி கடை. கிளியை ஏன் கடையில் போடாமல் இடையில் வைத்தார்கள் என்று படிக்கிற காலத்தில் யோசித்ததுண்டு. பதினான்கு கிளிகளைக் கண்ட அன்று யோசனை வேறு பக்கம் போனது: கிளிக்குச் சொல்லிக்கொடுத்தவனை எங்கே வைப்பது? இந்தக் கிளிகள் 'ஏன்' என்று சொல்லப் பழகிய கிளிகள். அதனால்தான் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தன் மூளையை இன்னொருவர் தலையில் பார்க்கும் சந்தோசம் மோசமான சந்தோசம், அது அச்சாக அன்பு மாதிரியே இருக்கும்.

அருணந்தியைப் பற்றிய கதை சைவம் படித்த எல்லாருக்கும் தெரியும். அவர் சகலாகம பண்டிதர், சிவஞானபோதம் தந்த மெய்கண்டாரின் வீட்டுக் குலகுரு. சின்னப்பிள்ளையான மெய்கண்டார் பாடம் சொல்லிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், நின்றபடியே, 'ஆணவத்தின் வடிவம் என்ன?' என்று கேட்டாராம். பிள்ளை பதில் சொல்லாமல் அவரை அடிமுதல் முடிவரை ஒருதரம் பார்த்ததாம். கிழவர் காலில் விழுந்து மாணவரானார் என்பது கதை. நடந்ததோ இல்லையோ, சித்தியாரை எழுதிய தர்க்கக்காரரைப் பற்றி இந்தக் கதையைத்தான் சைவர்கள் பொத்திவைத்திருக்கிறார்கள்.

பிறகு

வகுப்பை நிறுத்துவதா என்று யோசித்தேன். நிறுத்தவில்லை. முதலில் பெற்றோரைக் கூப்பிட்டு இது ஐ.கியூ. கிளாஸ் இல்லை, இங்கே இன்னது நடக்கும், வீட்டில் கேள்வி வரும் என்று சொன்னேன். மூன்று பேர் பிள்ளைகளை எடுத்துவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, முதல் நாளே அவர்களுக்கு இருந்திருக்க வேண்டிய தெரிவு அது. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைச் சுதந்திரத்தை எல்லா ஆளுக்கும் கொடுக்கிறது, எனக்கு மட்டுமல்ல.

அம்மம்மா அடுத்த வெள்ளி கோயிலுக்குப் போனார். பேத்தியையும் கூட்டிக்கொண்டு. என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்கவில்லை.

வீட்டுப்பாடத்தை மாற்றினேன். இனி வீட்டாருடையது வேண்டாம், ஆளாளுக்குத் தான் நம்பும் ஒன்றைக் கொண்டுவர வேண்டும், நானும் கொண்டுவருவேன். வேறு யாருடைய நம்பிக்கையையாவது எடுப்பதானால் அவரிடம் கேட்டு, அவர் 'ஓம், நான் சொல்லுறது இதுதான்' என்று தலையாட்டும் வரை எழுத வேண்டும்.

அந்தப் பிள்ளை அதே சி.ஆர். கொப்பியைத்தான் கொண்டுவந்தாள். 'நான் நம்புவது: மாமா இல்லை. எப்படித் தெரியும்: எல்லாரும் இருந்தவர் என்று சொல்வதால்.' மூன்றாம் அளவை. நான் பலவீனமானது என்று தள்ளிவைத்த அதே உரை. 'எது நடந்தால் ஒத்துக்கொள்வேன்' என்பதற்குக் கீழே ஹைலைற்றரும் இல்லை, எழுத்தும் இல்லை. அவள் அதை வாசிக்கவில்லை, என்னிடம் நீட்டினாள். நான் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு என் முறை. கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுத்தான் பேசினேன். 'நல்லாச் சிந்திக்கத் தெரிந்தவன் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்வான். இந்த ஒரு மாதத்தில் நான் என் எண்ணத்தை எவ்வளவோ மாற்றிக்கொண்டேன். ஆகவே இப்போது எனக்குச் சிந்திப்பது கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது என்று நம்புகிறேன்.'

கோச்சி ஒன்று போனது. சத்தம் அடங்கும் வரை பொறுத்திருந்து, பின்வாங்குப் பையன் கையை உயர்த்தினான்.

'சேர், பைப்பும் உடைஞ்சிருக்கலாம்.'